ஆணியில் விட்டுப்போன வார்

மசூர் ஓரிடத்தில் தரித்து இருக்கிற ஆளில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் ஒரு கால் மடங்கியிருக்கும், மற்றக் கால் எழும்பத் தயாராகக் குத்திட்டு நிற்கும். உழவு மிஷின் திருத்துகிறவனுக்கு அது தொழிலோடு வந்த குணம் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் குணத்துக்குத் தோதாகத்தான் தொழிலே வந்து வாய்த்தது என்று அவனைப் பெற்று வளர்த்த அக்கரைப்பற்றுக்காரர்கள் சொன்னார்கள். எதுவாக இருந்தால் என்ன, கலியாணம் முடித்துப் பெண்வீட்டில் குடியிருக்க வேண்டிய மாப்பிள்ளைக்கு அது நல்ல குணமில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வாழ்க்கைப்பட்டு வேறு வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் வருவான். வீடும் கிணறும் வளவில் நிற்கிற தென்னையும் அவள் பேரில் இருக்கும். இவன் ஒரு றங்குப் பெட்டியோடு வந்து சேருவான். மசூரும் அப்படித்தான் கல்முனைக்குடிக்கு, முனவ்வறாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முனவ்வறாவின் வாப்பா மீராமுகைதீன் ஹாஜியார் மருமகனுக்குக் கைக்கடிகாரம் கட்டவில்லை, மோதிரம் போடவில்லை. இடுப்பில் வார் கட்டிவிட்டார்.

சும்மா வார் இல்லை. அவர் கப்பலேறி மக்காவுக்குப் போனபோது அங்கே வாங்கி, ஹஜ்ஜு முடியும்வரை இடுப்பில் கட்டியிருந்த பச்சை வார். உள்ளங்கை அகலம். முன்பக்கம் மூன்று பைகள், ஒவ்வொன்றுக்கும் அழுத்திப் பூட்டுகிற பொத்தான். அந்தக் குடும்பத்தில் வாருக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. பெண்வீட்டார் கட்டிய வாரை மாப்பிள்ளை வெளியே போகும்போது கட்டுவான், திரும்பி வந்ததும் கழற்றி அந்த வீட்டு ஆணியில் மாட்டுவான். பெண் வேண்டாமென்று போகிறவன் மட்டும்தான் அதை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போவான்.

முனவ்வறாவின் உம்மாவுடைய தங்கை சுஹறா சாச்சியின் புருஷன் அப்படித்தான் போனான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு எல்லோரும் போயிருந்த நேரம். வார் ஆணியில் தொங்குகிறதே, ஆள் கிணற்றடியில் குளிக்கிறான்போல என்று சுஹறா சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தாள். ஆள் திருக்கோணமலையில் இருக்கிறானென்று பிறகு தெரிந்தது. வார் இன்னமும் அவள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவளும் எடுப்பதில்லை, மற்றவர்களையும் தொட விடுவதில்லை. இந்தக் கதையெல்லாம் மசூருக்குத் தெரியும். தெரிந்த கதை வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராமல் போனதுதான் அவன் கெட்ட காலம்.

காலையில் முனவ்வறா ஆணியிலிருந்து வாரை எடுத்து நீட்டுவாள். மசூர் கட்டுவான். பொத்தான் மூன்றும் டக், டக், டக் என்று பூட்டும். அடுப்படித் திரைக்குப் பின்னால் அவனுடைய மாமி நபீஸா இருப்பாள். மருமகனின் முன்னால் வருவதோ முகம் பார்த்துக் கதைப்பதோ அவளுக்குப் பழக்கமில்லை. அந்த மூன்று டக்கும் காதில் விழுந்தால் மருமகன் புறப்படுகிறார் என்று அறிந்து, மகளின் கையில் சோற்றுப் பொதியைக் கொடுத்து அனுப்புவாள். முனவ்வறா வாரின் சின்னப் பையில் இரண்டு கராம்பைச் செருகிவிடுவாள். சோறு தின்ற பிறகு வாயில் போட அவனுக்குக் கராம்பு வேண்டும். இப்படி வாரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால், போகிறேன் வருகிறேன் என்று மசூர் அந்த வீட்டில் வாயைத் திறந்து சொன்னதே கிடையாது. கலியாணம் முடிந்து ஒரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

ஆனால் தொழிலுக்கு அந்த வார் சரிப்படவில்லை. வாரில் அல்லாஹ்வின் பறக்கத்து இருந்தது, பலம் இல்லை. பாஸ்போட்டும் தஸ்பீஹ் மணியும் வைக்கத் தைத்த பையில் ஸ்பேனரும் குறடும் சுத்தியலும் வைத்தால் அது பாவம் என்ன செய்யும்? மிஷின் பழுதாகி நிற்பது தெருவோரத்தில் இல்லை, நடு வயலில். சைக்கிளைத் தெருவில் சாய்த்துவிட்டு, ஒரு கையில் எண்ணெய்ப் பேணியும் மறு கையில் மிஷினைத் தூக்குகிற ஜக்குமாக வரம்பில் வழுக்கி வழுக்கிப் போக வேண்டும். மற்ற ஆயுதமெல்லாம் இடுப்பில்தான் இருந்தாக வேண்டும். பெட்டியில் போட்டு வரம்பில் வைத்தால், மிஷினுக்குக் கீழே மல்லாந்து கிடப்பவனுக்கு யார் எடுத்துக் கொடுப்பது?

வீரமுனையில் ஒருநாள் மானம் போனது. சேற்றில் புதைந்த மிஷினுக்குக் கீழே அவன் குனிந்த நேரம் பொத்தான் பிதுங்கி, பெரிய ஸ்பேனர் சேற்றுக்குள் போய்விட்டது. மிஷின் ஓட்டியும் இவனுமாகக் காலால் துழாவினார்கள். அட்டைதான் கடித்தது, ஸ்பேனர் அகப்படவில்லை. வயல்காரப் போடியார் வரம்பில் நின்று பார்த்தார். "தம்பி, உங்கட மாமா மக்கத்துக்குப் போன வாரெண்டு சொன்னீங்க. நீங்க அத உழவுக்கெல்லோ விட்டிருக்கிறீங்க!" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மசூருக்குத்தான் காது சுட்டது.

அதுவாவது ஒருநாள் கூத்து. தினமும் நடந்த கூத்து வேறு. சம்மாந்துறையில் வயதானவர்கள் அவனை மறித்து, "இது ஹாஜியாருட வாரா மனே?" என்று கேட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கண்ணில் ஒற்றுகிற சாமானில் கிறீஸ் கையை வைக்கலாமா? மசூர் ஒவ்வொரு தடவையும் கையைச் சாரனில் துடைத்துவிட்டுத்தான் வாரைத் தொட்டான். துடைக்கத் துடைக்கச் சாரன் கறுத்தது, வேலை பிந்தியது, ஆத்திரம் ஏறியது. வாரைக் கட்டினாலும் எரிச்சல், கட்டாமல் விடவும் பயம்.

கடைசியில் கல்முனை பஸாரில் ஸைனுலாப்தீன் காக்காவின் கடைக்குப் போனான். சாரன், தொப்பி, குடை, வார் எல்லாம் விற்கிற கடை அது. ஸைனுலாப்தீன் முதலில் தோல் வாரை எடுத்துப் போட்டார். மசூர் முகர்ந்து பார்த்தான், மடித்துப் பார்த்தான், நகத்தால் கீறிப் பார்த்தான்.

"நல்ல தோலுதான் காக்கா. ஆனா தண்ணியும் சேறும் பட்டா கருவாடு மாதிரிக் காஞ்சி வெடிச்சிரும்."

பிறகு பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் வார் வந்தது. கொழும்பிலிருந்து புதிதாக இறங்கிய சாமான். மசூர் அதை இடுப்பில் பூட்டி, கொண்டுவந்த ஸ்பேனரையும் சுத்தியலையும் செருகி, கடைக்குள்ளேயே குந்தி எழும்பினான். துள்ளிப் பார்த்தான். சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்தும் பார்த்தான். சட்டைக்கு ரேந்தை பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தம்பி, நீ வாரு வாங்க வந்தயா, சீனடிச் சிலம்பம் வெளையாட வந்தயா?" என்றார் ஸைனுலாப்தீன்.

மேசைக்குக் கீழே கிடந்தபடியே மசூர் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னான். குந்தினால் வயிற்றை வெட்டக் கூடாது. நனைந்தால் இழுபடக் கூடாது. ஒவ்வோர் ஆயுதமும் தனித்தனியாகத் தொங்க வேண்டும், ஒன்றில் ஒன்று முட்டிக் கலகலக்கக் கூடாது. பூட்டு தொப்புளுக்கு நேரே நிற்காமல் பக்கத்துக்குத் தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஷினுக்குக் கீழே நெளியும்போது வயிற்றைக் குத்தும். அதைவிட, சேறு பட்ட ஒற்றைக் கையால் கழற்ற முடிய வேண்டும்.

ஸைனுலாப்தீன் பிளாஸ்டிக் வாரைத் திரும்ப வாங்கிச் சுருட்டினார். "அப்பிடி வாரு கடையில இல்ல மனே. பட்டாளத்தானிட இடுப்புலதான் இரிக்கும். போய்க் கேட்டுப் பாரு."

அவர் எரிச்சலில் சொன்னதை மசூர் வழி சொன்னதாக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் கண் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இடுப்பைப் பார்க்கத் தொடங்கியது. பள்ளிவாசலில் பார்த்தான், மீன் வாடியில் பார்த்தான், பஸ்ஸில் பார்த்தான். ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். வாருக்காகத்தான் இந்த அலைச்சல் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அடுத்த கிழமை உம்மாவைப் பார்க்க அக்கரைப்பற்றுக்குப் போனான். பஸ் சந்தியில் ஒரு லொறி வாயைத் திறந்துகொண்டு நின்றது. டிரைவர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு எஞ்சினை ஏசிக்கொண்டிருந்தான். மசூர் அவன் இடுப்பைப் பார்த்தான். அவ்வளவுதான், மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. தடித்த காக்கிக் கித்தானில் நெருக்கிப் பின்னிய வார். ஓரம் முழுக்கப் பித்தளை வளையம் பதித்த ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கொக்கி மாட்டலாம், ஒவ்வொரு கொக்கியிலும் ஓர் ஆயுதம். பூட்டும் கொக்கிதான், ஒரு விரல் போதும் கழற்ற.

"தள்ளுங்க, நான் பாக்கன்," என்று மசூர் உள்ளே புகுந்தான். பெட்ரோல் வருகிற குழாயில் தூசி அடைத்திருந்தது. கழற்றி, வாயை வைத்து ஊதி, துப்பிவிட்டுப் பூட்டினான். எஞ்சின் உறுமியது.

டிரைவரின் பெயர் ஷரிபுதீன். அம்பாறைப் பக்கம் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்குச் சாமான் ஏற்றுகிறவன். என்ன வேண்டும் என்று கேட்டான். மசூர் வெட்கமில்லாமல் வாரைக் காட்டி, சேற்று வயல் வேலைக்கு என்றான்.

ஷரிபுதீன் சிரித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தான். "எடுங்க. திருக்கோணமலப் பட்டாளக் காம்புக்க வாங்கினது. வெள்ளக்காரன்ட சண்டையப் பாத்த வாரு, உங்கட சேத்துக்குப் பயப்படாது." பிறகு அவன் மசூரின் கையைப் பார்த்தான். "இந்தக் கைய வெச்சிக்கிட்டு ஏன் ஊருக்க கிடக்கிறீங்க? அங்க மிஷினெல்லாம் குமிஞ்சி போய்க் கிடக்கு. தட்டத் தெரிஞ்ச ஆளில்ல. போனவுடனே எடுப்பானுகள். இரிக்க ஒரு அறையும் தருவானுகள்."

"குடும்பத்தக் கூட்டிட்டுப் போகலாமா?"

"இல்ல, தனியாளுக்குத்தான். நாளைக்குப் பகல் லுஹருக்கு முன்ன சம்மாந்துறச் சந்தியில நிப்பன். வாறெண்டா ஏறுங்க."

"பாப்பம்," என்றான் மசூர்.

பாப்பம் என்பது ஓம் இல்லை, இல்லை என்பதும் இல்லை. அன்று பின்னேரம் அந்தச் சொல் அவனை வீட்டில் இருக்க விடவில்லை. வாரை சைக்கிள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தான். முற்றத்துக்குப் போனான், உள்ளே வந்தான், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டான், நன்றாக இருந்த கதவுப் பூட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினான். "என்ன மச்சான், ஒரு மாதிரி இரிக்கிறீங்க?" என்று முனவ்வறா கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். சொல்லியிருக்கலாம். இந்த வார் வேலைக்கு ஆகாது, வேறொன்று எடுத்திருக்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதும் வாயில் வந்துவிடும் என்று பயந்தான்.

விடிந்ததும் முனவ்வறா கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து காக்கி வாரை எடுத்துக் கட்டினான். ஆயுதங்களை மாட்டினான். கொக்கி சத்தமே இல்லாமல் பூட்டியது. பச்சை வார் ஆணியில் தொங்கியது. 'அதில் கிறீஸ் படாமல் இருக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. டக்கென்ற சத்தம் கேட்காததால் சோற்றுப் பொதியும் வரவில்லை. மசூர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலிக் கடப்பைத் தாண்டினான்.

காரைதீவுச் சந்தியில் திரும்பி சம்மாந்துறைத் தெருவில் ஏறினால் வீரமுனைக்கும் அதே தெரு, அம்பாறைக்கும் அதே தெரு. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தன்னைத் தானே கேட்காமலும் போகலாம். மசூர் கேட்கவில்லை.

வார் பிரமாதமாக இருந்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. வீரமுனை வயலில் மிஷினுக்குக் கீழே மல்லாந்து கிடந்தபோது பூட்டைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டான். கையை நீட்டிய இடத்தில் குறடு இருந்தது, அடுத்த கொக்கியில் ஸ்பேனர் இருந்தது. சேற்றுத் தண்ணீரில் ஊறியும் அது இழுபடவில்லை. தேடவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். பாதி நாள் வேலை வெயில் ஏறுமுன்னே முடிந்தது. மிஷின் ஓட்டி வாரைத் தடவிப் பார்த்து, "இதோட நீங்க எங்கயும் போகலாம் காக்கா," என்றான். மசூர் சைக்கிளை எடுத்தான்.

சம்மாந்துறைச் சந்தியில் லொறி நின்றது. இவன் சைக்கிளோடு போனபோது ஷரிபுதீன் இறங்கி, சைக்கிளைத் தானே தூக்கிப் பின்னால் போட்டான். கதவைத் திறந்தான். மசூர் ஒரு காலை மிதிபலகையில் வைத்தான். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வாய் கசந்தது. வழக்கம்போல விரல் இடுப்பின் இடப்பக்கம் கராம்பைத் தேடிப் போனது.

அங்கே பை இல்லை. பித்தளை வளையம்தான் இருந்தது.

அப்போதுதான் முனவ்வறாவின் நினைவு வந்தது என்றால் அது சரியில்லை. காலையிலிருந்து அவள் நினைவாகத்தான் இருந்தான். ஆனால் தான் அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது விரல் வெறும் வளையத்தில் பட்டபோதுதான் உறைத்தது. இத்தனை பேரின் இடுப்பைப் பார்த்துத் திரிந்தது வாருக்காக மட்டுமில்லை, இப்படி ஒரு லொறிக்காகவும்தான் என்பதும் அதே நேரத்தில் உறைத்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏறுறீங்களா இல்லயா?" என்றான் ஷரிபுதீன்.

"இல்ல காக்கா. சைக்கிள இறக்குங்க."

"நேத்து ஓமெண்டீங்க?"

"பாப்பமெண்டன்."

ஷரிபுதீன் முறைத்துக்கொண்டு சைக்கிளை இறக்கி வைத்தான். லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. ஒரு பிளேன்டீயாவது குடித்துவிட்டுப் போகலாம் என்று கடைப்பக்கம் திரும்பியபோதுதான் மசூருக்கு அது நினைவு வந்தது. ஆணியில் தொங்குகிற பச்சை வார். சுஹறா சாச்சி வீட்டு ஆணி. சத்தமில்லாமல் பூட்டிய கொக்கி. வராத சோற்றுப் பொதி.

"யா அல்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொன்னான். தேத்தண்ணீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று சைக்கிளில் தாவினான். கடற்காற்று முகத்துக்கு நேரே அடித்தது. எழும்பி நின்று மிதித்தான். காரைதீவுக்குக் கிட்ட செயின் கழன்றது. தெருவோரத்தில் குந்தியிருந்து மாட்டினான். எத்தனையோ மிஷினைக் கழற்றிப் பூட்டியவன், ஒரு சைக்கிள் செயினை மூன்று தரம் தவறவிட்டான்.

பள்ளியில் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்கிற நேரம் வீட்டுக் கடப்பில் வந்து இறங்கினான். முற்றத்தில் அவனுடைய றங்குப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் பச்சை வார் மடித்து வைத்திருந்தது. வாசலில் ஒரு கதிரையைப் போட்டு ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நிலையோடு சாய்ந்து சுஹறா சாச்சி நின்றாள். இப்படி ஒரு காரியத்தில் எதை எங்கே வைக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும் என்று அவளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"பெட்டி இரிக்கி மருமகன். எடுத்துப் போங்க. நாங்க ஒண்டும் கேக்க மாட்டம்," என்றார் ஹாஜியார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மசூருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாமா, ஸ்பேனர் நிக்குதில்ல அதுல. சேத்துக்க உழுந்திட்டு. கிறீஸ் பட்டா ஒங்கட வாரு பழுதாப் போகுமெண்டுதான்…"

"சம்மாந்துறச் சந்தியில லொறியில கால வெச்ச கத உங்களுக்கு முன்ன பஸ்ஸில வந்திட்டு."

திரைக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. மகளுக்குச் சொல்வதுபோல அவனுக்குச் சொன்னாள். "ஒரு குடும்பத்துல அப்பிடி ஒரு ஆணி போதும் புள்ள, ரெண்டாவது வேணாம். அவரப் போகச் சொல்லு."

திரை விலகி முனவ்வறா வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். அவள் பெட்டியையும் பார்க்கவில்லை, வாரையும் பார்க்கவில்லை, அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"மச்சான், ஒண்டு கேக்கன். போகத்தான் போனீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வேலைக்குப் போனேன், வாரை மாற்றினேன், லொறிக்காரன் கூப்பிட்டான், மாட்டேன் என்றேன். எல்லாம் பொருந்தி வரும். ஹாஜியார் நம்பியும் இருப்பார். மசூர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான்.

"தெரியா புள்ள," என்றான். "இஞ்ச இரிந்து போகக்குள்ள தெரியா. லொறியில கால வெக்கக்குள்ளயும் தெரியா. கராம்பத் தேடினன், இல்ல. பொறகு ஏற ஏலாமப் போச்சி."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் சுஹறா சாச்சி வாயைத் திறந்தாள்.

"இவரு தெரியாண்டாச்சும் வந்து சொல்றாரு," என்றாள். "என்ட ஆளு அதையும் சொல்லயில்ல."

பிறகு அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடப்பைத் திறந்து, தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முனவ்வறா கையை நீட்டினாள். "கழட்டுங்க அத."

மசூர் ஒற்றை விரலால் கொக்கியை விடுவித்துக் கொடுத்தான். குறடும் ஸ்பேனரும் சுத்தியலும் தொங்க, பாரம் அவள் கையை இழுத்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பச்சை வார் வழக்கமாகத் தொங்குகிற அதே ஆணியில் எக்கி மாட்டினாள்.

ஒரு கணம்தான். ஆணி சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வார் தரையில் விழுந்தது, சுத்தியல் துள்ளிப் போய்ச் செம்பில் அடித்தது, செம்பு உருண்டு தண்ணீர் திரைக்குக் கீழே ஓடியது.

"என்ட செவரு!" என்று மாமி கத்தினாள். மகளிடம் இல்லை, புருஷனிடம் இல்லை, நேரே அவனைப் பார்த்துத்தான் கத்தினாள். திரையை விலக்கிய கை திரையிலேயே இருந்தது. "இரும்புக் கடையக் கொண்டுவந்து மாட்டினா மண் செவரு தாங்குமா மருமகன்?"

கத்திய பிறகுதான் அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். திரையைப் படக்கென்று இழுத்து மூடிக்கொண்டாள்.

மசூர் உள்ளே போய் சுத்தியலை எடுத்தான். கொக்கியோடு கட்டி வைத்திருந்த சாமான்களில் மிஷினிலிருந்து கழற்றிய பழைய இரும்புப் பின் ஒன்று இருந்தது. பெருவிரல் மொத்தம். சுவரை விட்டுவிட்டு, கதவு நிலையின் முதிரை மரத்தில் இடம் பார்த்து, அதை வைத்து அடித்தான். முதிரை லேசில் விடவில்லை. வியர்த்து ஊற்ற ஊற்ற அடித்தான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பூட்டியதையும் கழற்றியதையும் தவிர, புதிதாக ஒன்றை அவன் அடித்துப் பதித்ததில்லை. ஹாஜியார் கதிரையில் இருந்தபடியே, "கொஞ்சம் மேல் நோக்கி அடிங்க, அப்பதான் வழுகாது," என்றார்.

அடித்து முடிந்ததும் முனவ்வறா இரண்டு கையாலும் அந்தப் பின்னைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. காக்கி வாரை அதில் மாட்டினாள். முற்றத்துக்குப் போய்ப் பச்சை வாரை எடுத்துவந்து அதற்கு மேல் மாட்டினாள்.

"இது வெள்ளிக்கிழமைக்கு. மத்தது வேலைக்கு," என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "வாரப் பாத்து இனி இந்த ஊட்டுல ஆரும் அழுவுறல்ல மச்சான். போறெண்டா வாயால சொல்லிட்டுப் போங்க. வாறெண்டாலும் வாயால சொல்லுங்க."

றங்குப் பெட்டியை யார் உள்ளே எடுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு பார்த்தபோது அது பழைய இடத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் முனவ்வறா காக்கி வாரை எடுத்து நீட்டினாள். மசூர் கட்டினான். கொக்கி பூட்டியது, சத்தமில்லை. இரண்டு கராம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வைக்க இடமில்லை. அவன் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அவன் படியில் ஒரு காலும் முற்றத்தில் ஒரு காலுமாக நின்றான். அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது. திரைக்குப் பின்னால் மாமி காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. ஊரெல்லாம் கதைக்கிற வாய்க்கு அந்த ஒரு சொல் புதிது.

"போயிட்டு வாறன்," என்றான்.

குரல் அவன் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. பக்கத்து வளவில் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த சுஹறா சாச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

திரைக்குப் பின்னால் மாமி பானைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "கேட்டிச்செண்டு சொல்லு புள்ள."

"கேட்டிச்சாம்," என்று சொல்லி முனவ்வறா சோற்றுப் பொதியை நீட்டினாள்.